செண்பகம் என்று பெயர் வெட்டிய கூஜா

நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு இடது கைப்பக்கம் ஒரு பித்தளைக் கூஜா எப்போதும் இருக்கும். வயிறு பருத்து, கழுத்து சிறுத்து, மேலே வளைந்த பிடியும் திருகு மூடியுமாகப் பிரயாணத்துக்கென்றே செய்த பழைய காலத்துக் கூஜா. வீட்டுக்கு வருகிறவர்கள், ரயிலில் கொண்டுபோகிற சாமானை வீட்டுக்குள் எதற்கு வைத்துக் குடிக்கிறீர்கள் என்று கேலி செய்வார்கள். நானும் ஏதாவது சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவேன். அதன் கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திச் 'செண்பகம்' என்று பெயர் வெட்டியிருக்கும். அது என் மனைவியின் பெயர். மாமனார் கல்யாணச் சீரோடு கொடுத்த பாத்திரம். கூஜாவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருக்கும். அது பாத்திரக் கடைக்காரர் எழுதியதல்ல. கோர்ட்டில் எழுதியது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்காகப் பம்ப்செட் விற்றுக்கொண்டிருந்தேன். குடியிருப்பு பாளையங்கோட்டை, அலைச்சலெல்லாம் தென்காசி, கடையம், கீழப்பாவூர்ப் பக்கம். கிணற்றுக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம். மாடு கட்டிக் கமலை இறைத்துக் களைத்த விவசாயச் சம்சாரிகளிடம் மணிக்கணக்காகப் பேசிவிட்டு மத்தியானம் தென்காசி வந்து சேரும்போது குடல் காய்ந்து போயிருக்கும். பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை. கோழிக் குழம்புக்குப் பேர் போனது. அங்கே பரிமாறிக்கொண்டிருந்தவரை எல்லாரும் சப்ளையர் அண்ணாச்சி என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம், தோளில் ஒரு துண்டு, நெற்றியில் அழியாத திருநீறு. ஒரு தடவை சாப்பிட்டுப் போனவருக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பது அடுத்த தடவை அவருக்கு நினைவிருக்கும். எனக்குக் குழம்பில் ஈரல் விழ வேண்டும், ரசம் தனியாக வேண்டும் என்பதை நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. என்னைப் 'பம்புசெட்டுத் தம்பி' என்பார்.

சாரல் காலத்தில் அந்தக் கடைக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் கூஜாவும் கையுமாகத்தான் வருவார்கள். மலைக்காற்றும் அருவித் தண்ணீரும் சேர்ந்து தொண்டையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அடுப்பில் ஒரு பெரிய செம்புத் தவலையில் சீரகம் போட்ட வெந்நீர் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். மேசைப் பக்கம் கூஜாவைக் கண்டால் அண்ணாச்சி யாரையும் கேட்க மாட்டார். எடுத்துப்போய், வெந்நீர் நிறைத்து, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார். சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர் கூஜாவைத் தூக்கும்போதுதான் கனம் கூடியிருப்பது தெரியும். அந்தச் சின்ன ஆச்சரியத்தை எதிரில் நின்று பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ஆனிக் கடைசியில் எங்கள் மேனேஜர் சென்னையிலிருந்து வந்தார். மேற்பார்வை என்று பெயர். குற்றாலத்தில் குளிப்பதுதான் காரியம். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அவர் திரும்பிப் போய் எழுதப்போகிற இரண்டு வரியில்தான் என் பிழைப்பு இருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஊரிலிருந்து கிளம்பும்போது என் மனைவி கூஜாவைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, வெந்நீர் நிறைத்துக் கொடுத்தாள். "மெட்ராஸ்காரருக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கிடாது. இதையே குடிக்கச் சொல்லுங்க. கூசாவைப் பத்திரமாக் கொண்டாந்திருங்க" என்றாள்.

பேரருவியில் ஒரு மணி நேரம் நின்று குளித்துவிட்டு, தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பியதும் மேனேஜர் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பாண்டிச்சேரி ஒயின். நம் மாகாணத்தில் அப்போது மதுவிலக்கு கடுமையாக இருந்தது. டாக்டர் கடிதம் காட்டிப் பெர்மிட் வாங்கியிருந்தவர் அவர். ஆனால் அந்தப் பெர்மிட்டை வைத்து வீட்டுக்குள் உட்கார்ந்துதான் குடிக்கலாம். வெளியே எடுத்தால் அவருக்கும் கம்பிதான். "பாண்டிச்சேரியில நாமளே பாட்டில் கொண்டுபோனாப் போதும். ஓட்டல்காரன் மரியாதையாத் திறந்து கொடுப்பான், கிளாஸ் வைப்பான். நல்ல சாப்பாட்டோட ஒயின் இல்லேன்னா அது சாப்பாடே இல்லை" என்றார். தென்காசிக் கடையில் கண்ணாடிக் கிளாஸ்கூடக் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பார்வை அறையைச் சுற்றிவந்து கூஜாவில் நின்றது. "அதுல ஊத்துங்க. யாருக்குத் தெரியும்?"

என் மனைவி காய்ச்சிக் கொடுத்த வெந்நீரைப் பங்களாத் தோட்டத்தில் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கூஜாவில் கவிழ்த்தவன் நான்தான். அவர் ஊற்றவில்லை. இதை இத்தனை வருஷம் கழித்தாவது தெளிவாக எழுதிவிட வேண்டும். முடியாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் முகம் கோணியிருக்கும். அதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே நடந்திருக்காது.

கடையில் அன்று நல்ல கூட்டம். அப்போது தென்காசிக் கோயிலுக்கு ராஜகோபுரம் எழும்பியிருக்கவில்லை. சிதைந்த அடிக்கட்டுதான் நின்றது. அந்தப் பக்கமிருந்து சாரல் காற்று வீசிக் கடை வாசல் தட்டியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எங்களை மூன்றாம் மேசையில் உட்காரவைத்து இலை போட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, மவளுக்கு மாப்ள அமைஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க. ஆவணியில கல்யாணம். மாப்ள போலீசுல இருக்காவ."

"எந்தப் பொண்ணு அண்ணாச்சி?"

"எனக்கு இருக்கது ஒண்ணுதான. செண்பகம். அருவிக்கரை அம்மன் பேரு."

எங்க வீட்டுலயும் செண்பகம்தான் என்று சொன்னேன். "இந்தப் பக்கம் நாலு வீட்டுக்கு ஒரு செண்பகம் உண்டும்லா!" என்று சிரித்தார். செண்பகாதேவி அம்மனுக்கு நேர்ந்து பெற்ற பெண்ணுக்கெல்லாம் அந்த வட்டாரத்தில் அதுதான் பெயர். இலஞ்சியில் பிறந்த என் மனைவிக்கும் அப்படி வந்ததே.

மேனேஜர் டம்ளரில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுக் கூஜாவிலிருந்து ஊற்றிக்கொண்டார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார். நான் அதுவரை தொட்டதில்லை. மரியாதைக்கு வாங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். அவர் இரண்டு டம்ளர் முடித்து, கோழி எலும்பைக் கடித்துக்கொண்டு சென்னை விஷயம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கூஜாவைக் காணோம். அண்ணாச்சி அதைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலை எட்டியிருந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் வாசலில் சப் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். சீசன் நேரத்தில் குடிக்கிறவர்களைப் பிடிக்கவென்று குற்றாலத்துக்கும் தென்காசிக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர், சாப்பிட வந்திருந்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், பேசாதே என்று. திறந்த வாயில் ஒரு கவளத்தை அடைத்துக்கொண்டேன்.

கொதிக்கிற வெந்நீர் ஒயினில் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. புளித்த திராட்சை வாடை ஆவியோடு சேர்ந்து கடை முழுக்கப் பரவிவிட்டது. எல்லாரும் தலை தூக்கினார்கள். அண்ணாச்சி மூடியில்லாத கூஜாவை ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். பதறியதில் சட்டையெல்லாம் சிந்திச் சிவந்திருந்தது. எனக்கு முன்னால் வந்து நின்று அவர் சொன்னதை நான் மறக்க ஏலாது.

"தம்பி, இதுல என்னமோ பழச்சாறு வச்சிருந்தியளோ? வெத்துக் கூசான்னுல்லா நெனச்சேன். கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேனே, கெட்டுப் போச்சே!"

சப் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "ஏலே, இங்கன கொண்டா அதை" என்று கூஜாவை வாங்கி மோந்து பார்த்தார். அவர் தலை குனிந்திருந்த அந்த நேரத்தில் நான் என் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். ஆசைக்கல்ல; தடயம் இருக்கக் கூடாது என்று. வாழ்க்கையில் நான் குடித்த முதல் மதுவும் கடைசி மதுவும் அதுதான்.

"யாரு கூஜாலே இது?"

"இந்தத் தம்பி கொண்டாந்ததுங்கய்யா. வெந்நி ஊத்துவோமேன்னு நாந்தான் கேக்காம எடுத்தேன்" என்றார் அண்ணாச்சி. மறைக்க எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் முந்திக்கொண்டு இங்கிலீஷில் தன் பெயரையும் கம்பெனியையும் சொல்லி, நாங்கள் சாப்பிட வந்தவர்கள் என்றார். சப் இன்ஸ்பெக்டர் சற்று நிமிர்ந்து நின்றார். கோட்டு போட்ட சென்னை ஆபீசரின் வாயை மோந்து பார்க்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீரு சொல்லும். இது உம்ம கூஜாவா?"

தொண்டையில் அந்தப் புளிப்பு இன்னும் இறங்கவில்லை. நான் இலையைப் பார்த்தபடி "இல்ல" என்றேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்: "எங்களுது இல்ல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் நான் ஒருவாறு தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது சந்தேகம், அதுவும் தன்மேலேயே. ஒருவேளை வேறு மேசையிலிருந்து எடுத்துவிட்டோமோ என்று திரும்பி மற்ற மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடையவர் யாராவது எழுந்து வருவார் என்பதுபோல. தன் கண்ணைவிட என் வார்த்தையை நம்பினார் அந்த மனிதர்.

சப் இன்ஸ்பெக்டர் கூஜாவைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "செண்பகம். யாருலே செண்பகம்?" கல்லாவில் இருந்த முதலாளி தன் கடைக்கு வினை வந்துவிடக் கூடாதே என்ற நடுக்கத்தில், "அது அவன் மவ பேருல்லா ஐயா" என்றார். அண்ணாச்சி, "மவ பேருதான். ஆனா கூசா எங்களுது இல்லைங்கய்யா" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கையில் சரக்கு, சட்டையில் சரக்கு, பாத்திரத்தில் மகள் பெயர். வேறென்ன வேண்டும்? அந்தப் பெயர் யாருடையது என்று கடைக்குள் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அரை மணி நேரம் முன்னால் அண்ணாச்சியிடம் நானே சொல்லியிருந்தேன். அது அவருக்கு நினைவு வந்ததா இல்லையா, தெரியாது. மாப்பிள்ளை போலீஸ்காரர் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

தோள் துண்டை எடுத்து உதறி மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அண்ணாச்சி சப் இன்ஸ்பெக்டரோடு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மூணாம் மேசைக்கு இன்னும் மோர் ஊத்தல, பாத்துக்கிடுங்க."

யாரோ வந்து மோர் ஊற்றினார்கள். நான் அந்த மோரையும் சாப்பிட்டேன்.

மேனேஜர் அன்று சாயங்காலமே ரயிலேறிவிட்டார். "அவன் சமாளிச்சுக்குவான். இதெல்லாம் இங்கே சகஜம்தானே" என்பதுதான் அவர் சொன்ன ஒரே சமாதானம். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போலீஸ் நிலையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். நடந்து போயிருக்கலாம். நாளைக்குப் போவோம், வேலை நிரந்தரமானதும் போவோம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாம் மாதம் நிரந்தரமான கடிதம் வந்தது. பிறகும் போகவில்லை. தென்காசிப் பக்கத்து விற்பனையை வேறொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு அம்பாசமுத்திரம் பக்கம் அலைய ஆரம்பித்தேன். மனைவியிடம் கூஜா ஐந்தருவியில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். அவள் இரண்டு நாள் அதையே சொல்லிப் புலம்பினாள். பிறகு, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் என்று என் தலையைத் தடவினாள். அந்தக் கை பட்ட இடம் எனக்குச் சுட்டது.

தை மாதம் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"பம்புசெட்டு விக்காவளே, அவ்வோ வீடு இதானாம்மா? கம்பெனி ஏசண்டுகிட்ட விசாரிச்சுட்டு வாரேன்."

கதவு இடுக்கில் பார்த்தேன். இருபது வயது இருக்கும். அதே நெடிய உருவம். கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. என் மனைவி உள்ளே அழைத்து உட்காரச் சொன்னாள். அந்தப் பெண் துணியைப் பிரித்துக் கூஜாவை எடுத்து நீட்டினாள்.

"கேசு முடிஞ்சதும் எங்க கையில குடுத்துட்டாவ. 'பேரு நம்ம பேருதான், பாத்திரம் நம்மளுது இல்லலா. உடையவ தேடுவா, குடுத்துட்டு வா'ன்னு அப்பா சொன்னாவ. உங்க வீட்டுக்காரவ கடையில மறந்து வச்சிட்டுப் போயிட்டாவளாம்."

மறந்து வைத்துவிட்டேன் என்றுதான் அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார்! என் மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பெண் அழாமல், யாரையும் குறை சொல்லாமல் பதில் சொன்னாள். அப்பா மூன்று வாரம் ஜெயிலில் இருந்தார். கடையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கல்யாணம் என்னாச்சு என்று என் மனைவி கேட்டபோது மட்டும் கூஜா சுற்றிவந்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு, "போலீசு உத்தியோகம்லாம்மா. இப்பிடி ஆன வீட்டுல எடுக்க முடியாதுன்னுட்டாவ" என்றாள். இரண்டு செண்பகமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு கையில் சட்டையும் ஒரு கை வெறுமையுமாகக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை. அவளுக்குக் காப்பி கொடுத்து, தலையில் பூ வைத்து அனுப்பும்வரை வரவில்லை.

அவள் போனபிறகு என் மனைவி சண்டை போடவில்லை. "அருவியில போச்சுன்னுல்லா சொன்னிய" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் கூஜாவைத் துலக்கினாள். அடியில் இருந்த பெயிண்டு எண்ணை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டாள். மத்தியானம் வெந்நீர் நிறைத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்கடுத்த நாளும் வைத்தாள். வேறு செம்பு, வேறு டம்ளர் எதுவும் அதற்குப் பிறகு என் இலைப் பக்கம் வரவில்லை.

அடுத்த சாரலுக்கு, "போயி அந்த மனுசன் முகத்தப் பாத்துச் சொல்லிட்டு வாங்க" என்று அவள்தான் என்னை அனுப்பினாள். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஓலைச் சார்ப்பு ஒன்றில் காப்பிக் கடை போட்டிருந்தார் அண்ணாச்சி. மெலிந்திருந்தார். திருநீறு அப்படியே இருந்தது. பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். அவர் என்னைக் கண்டதும் பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டார்.

"வாங்க தம்பி. குளிச்சாச்சா?" சுக்குக் காப்பி ஆற்றிக் கையில் கொடுத்தார். "கூசா வந்து சேந்துதா?"

"வந்துது அண்ணாச்சி."

"இன்னைக்குக் கொண்டாரலியா? வெந்நி கொதிச்சுக் கெடக்கு, ஊத்தித் தாரேன்."

குத்திக் காட்டினாரா, பழைய வழக்கத்தில் கேட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. என் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். "இல்ல" என்றேன். சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். ஈரத் தலையோடு ஏழெட்டுப் பேர் கடைக்குள் நுழைந்தார்கள். அவர் அவர்களைக் கவனிக்கப் போனார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன்.

"சொன்னியளா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சாமா?" கேட்கவில்லை என்றேன். அதன்பிறகு அவள் என்னை எங்கேயும் அனுப்பவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடி போனபோது அந்த இடத்தில் சார்ப்பு இல்லை. பக்கத்தில் விசாரித்ததில் கடையநல்லூர்ப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இறந்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார். கடையநல்லூருக்குப் பஸ் இருந்தது. நான் ஏறவில்லை.

மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது கூஜாவில் நான்தான் வெந்நீர் ஊற்றிக்கொள்கிறேன். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, கை சுடாமல் துணியால் பிடித்து ஊற்றுவேன். ஆவி முகத்தில் அடிக்கும்; மூக்கு இன்னமும் அதில் அந்தத் திராட்சைப் புளிப்பைத் தேடும். சில நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, இலை முன்னால் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதுண்டு: "ஆமாங்கய்யா, என் கூஜாதான்." சொல்லி முடிக்க ஒரு கவளம் சோறு விழுங்குகிற நேரம்கூட ஆவதில்லை.